‘ரிலீவ்’ என்ற சொல்லின் இன்னொரு பொருள்

எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் கணக்குப் புத்தகத்துக்குள் இருந்த ஆங்கிலம்தான். வெண்ணந்தூரில் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தேன். கல்லூரியில் கணிதம் எடுத்தபோது ஆங்கிலத்தில் நடத்தினார்கள். பேசுவதைக் கேட்டுப் புரியாததைப் பலகையில் எழுதுவதைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஆகவே என் ஆங்கிலத்தில் ‘மீன்’ என்றால் சராசரி. ‘ரூட்’ என்றால் மூலம். ‘ஆட்’ என்றால் ஒற்றைப்படை. ‘பவர்’ என்றால் அடுக்கு. பவர் கட்டும் தெரியும், கண்ணாடிக்குப் பவர் ஏறுவதும் தெரியும். ஆனால் அவையெல்லாம் ஒரே சொல் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டுதான் நாமக்கல் போகும் வழியில் இருக்கும் பெரிய விடுதிப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தேன். பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு என்றால் என்னைத்தான் சொல்வார்கள். வகுப்பறைக்குள் எனக்குப் பயமே இருந்ததில்லை. எண்களும் குறிகளும் பேச வேண்டியதைப் பேசிவிடும். பயமெல்லாம் வகுப்பறைக்கு வெளியேதான்.

சேர்ந்த மூன்றாவது மாதம் பெற்றோர் கூட்டம் நடந்தது. வெளி மாநிலத்தில் வேலை பார்க்கும் ஒரு மாணவனின் அப்பா என் மேசைக்கு வந்து, எதிரே இருந்த நாற்காலியைத் தொட்டபடி, “டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?” என்றார். உட்காரட்டுமா என்கிறார், அவ்வளவுதானே என்று நினைத்து, “யெஸ் சார், யெஸ்” என்றேன். மனிதர் கையை எடுத்துக்கொண்டார். பத்து நிமிடம் நின்றபடியே மகனைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அவர் ஏன் உட்காரவில்லை என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்து மேசையில் இருந்த ஆங்கில ஆசிரியை எழுந்து வந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி காதருகே சொன்னாள்.

“அக்கா, அந்தக் கேள்விக்கு யெஸ்ஸுன்னா ‘உக்காரக் கூடாது’ன்னு அர்த்தமுங்க.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவளும் சிரித்தாள். கேலியான சிரிப்பு இல்லை அது. அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் பழக்கம்.

அவளுக்கு என்னைவிட நான்கைந்து வயது குறைவு. வீடு ராசிபுரத்தில். கணவர் போர்வெல் தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விடுவார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். நான் வெண்ணந்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் ராசிபுரம் வந்து பள்ளி வேனில் ஏறுவேன். அவள் எனக்கு முன்பே வந்து ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்து வைத்திருப்பாள். ஆண்டகளூர் கேட் தாண்டி வேன் பெரிய ரோட்டில் ஏறியதும், “இன்னைக்கு என்ன வார்த்தைங்க்கா?” என்பாள். நான் கணக்குப் புத்தகத்திலிருந்து ஒரு சொல்லைச் சொல்வேன். பள்ளிக்கூடம் வருவதற்குள் அந்தச் சொல் வேறு எங்கெல்லாம் போய் வருகிறது என்று அவள் சொல்லி முடிப்பாள்.

‘மீன்’ என்று நான் சொன்ன நாளில், “உங்களுக்குச் சராசரி. எங்களுக்கு அர்த்தம்ங்கறதும் அதுதான், ஈனப் புத்திங்கறதும் அதுதான்” என்றாள். ‘டிகிரி’ என்றேன். காய்ச்சல், பட்டம், காபி என்று அடுக்கினாள். ‘ஃபைன்’ என்றால் அபராதம். நல்லாயிருக்கிறேன் என்றாலும் ஃபைன். எங்கள் ஊரில் மெல்லிய நூலுக்கும் அதுவேதான். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளைக் கடக்கும்போது ‘பாடி’ வந்தது. வடக்கிலிருந்து புதிதாக வந்த வார்டன் ஒருவர் ‘பாடி பில்டிங்’ என்று வரிசையாகப் பலகைகளைப் பார்த்துவிட்டு, இந்த ஊர்க்காரர்களுக்கு உடற்பயிற்சியில் இவ்வளவு ஆர்வமா என்று கேட்ட கதையைச் சொன்னாள். வேனே சிரித்தது.

ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். கணக்கில் அப்படித்தான். ஒரே குறி ஒரு வரியில் ஒன்றையும் அடுத்த வரியில் வேறொன்றையும் குறித்தால் கணக்கு நொறுங்கிவிடும். “அப்பறம் எப்படிக் கண்ணு எந்த அர்த்தம்னு கண்டுபிடிக்கறது?” என்று கேட்டேன்.

“யாரு சொல்றாங்க, எங்க சொல்றாங்கன்னு பாக்கோணுமுங்க்கா. வார்த்தைய மட்டும் பாத்தா ஏமாந்துருவீங்க” என்றாள்.

அவளுடைய மகளுக்குக் கணக்கு வரவில்லை. பத்தாம் வகுப்பு முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெண்ணந்தூருக்கு அழைத்து வருவாள். நான் மகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அவள் என் சமையலறையில் உரிமையோடு புகுந்து இருக்கிறதை வைத்துச் சமைத்துவிடுவாள். என் கணவர் வீட்டிலேயே ஓட்டும் தறிகளின் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. கத்திக் கத்திப் பேசிக்கொண்டே எங்கள் மகளையும் சேர்த்து ஐந்து பேரும் சாப்பிடுவோம். என் கணவர் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அவளுக்கு உண்மையாகவே ஒரு தங்கை இருந்தாள். எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள். ஈரோட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த வாழ்க்கை சரிப்படாமல் மூன்று வயதுப் பெண் குழந்தையோடு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒருநாள் காலை வேனில் வார்த்தை எதுவும் கேட்காமல் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். என்ன வெசனம் என்று கேட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“கோர்ட்டுல இருந்து பேப்பர் வந்துச்சுங்க்கா. அதுல ‘ஒன் ஃபீமேல் இஷ்யூ’ன்னு போட்டிருக்குது. புள்ளையப் போயிப் பிரச்சினைன்னு எழுதியிருக்கறானேன்னு தங்கச்சி விடிய விடிய அழுவறா. அதுக்குக் கொழந்தைன்னும் அர்த்தமிருக்குதுடி, கோர்ட்டுல அப்படித்தான் எழுதுவாங்கன்னு சொன்னேன். சொல்லி என்ன பண்றது? அவ கண்ணுக்கு மொதல்ல பட்டது அந்த அர்த்தந்தான.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கே மத்தியானம் தாளாளரைப் பார்த்து, ஆங்கில ஆசிரியையின் தங்கைக்கு நம் பள்ளியில் ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்டேன். தாளாளர் நல்ல மனிதர்தான். “கணக்குக்கு நீங்க இருக்கறீங்க, மத்த ரெண்டு பேரு இருக்கறாங்க. எடம் ஒண்ணும் காலியில்லீங்களே டீச்சர். வந்தாப் பாக்கலாமுங்க” என்றார். அதை அப்படியே வந்து அவளிடம் சொன்னேன். “நீங்க கேட்டதே போதுமுங்க்கா” என்றாள்.

அடுத்த கோடையில் என் கணவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தோம். தண்டுவடத்தில் செய்தது, நான்கு மாதமாவது படுக்கையில் இருக்க வேண்டும், எழுந்து நிற்பதற்குக்கூட ஆள் துணை வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். தறிகளை நிறுத்தினோம். எங்கள் மகள் அப்போது ஒன்பதாவது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எனக்குத் திணறல் ஆரம்பித்தது.

எங்கள் பள்ளியில் வகுப்புகள் நான்கரைக்கு முடிந்தாலும் அதற்குப் பிறகு விடுதி மாணவர்களுக்குப் படிப்பு நேரம் உண்டு. ஆசிரியர்கள் முறை வைத்து அதில் உட்கார வேண்டும். வாரத்தில் மூன்று நாள் என் முறை. அதற்குத்தான் ஆசிரியர் அறையில் ‘டூட்டி’ என்று பெயர். வகுப்பு எடுப்பதை யாரும் டூட்டி என்று சொல்லமாட்டார்கள். “இன்னைக்கு யாருக்கு டூட்டி?” என்றால் சாயங்காலப் படிப்பு யாருக்கு என்றுதான் பொருள். ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் வந்து உட்காருவதற்கு ‘ரிலீவ்’ பண்ணுவது என்போம். “என்னைய ரிலீவ் பண்ண இன்னும் ஆளு வரல” என்று தினமும் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அந்த மூன்று நாளும் நான் வீடு வந்து சேரும்போது கணவர் மத்தியானம் பக்கத்து வீட்டார் வந்து திருப்பிப் படுக்க வைத்த அதே பக்கத்தில் படுத்திருப்பார். பெண் குழந்தையால் அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க முடியுமா? ஒருநாள் தண்ணீர் சொம்பை எட்டப் பார்த்துக் கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார். அடுத்த நாள் வேனில், “பேசாம வேலைய உட்டுப்போட்டு ஊட்டோட இருந்தறலாம்னு வருது கண்ணு” என்றேன். அந்த மாதத்தில் அதை நான்கைந்து முறையாவது சொல்லியிருப்பேன். அலுப்பில் சொல்வதுதான். அவளுக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

தாளாளரைப் பார்த்து, நான்கு மாதத்துக்கு மட்டும் சாயங்கால டூட்டி வேண்டாம் என்று கேட்கலாமென முடிவு செய்தேன். அவர் ஏதோ கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “ஊட்டுக்காரருக்கு முடியலீங்க சார், எனக்குக் கொஞ்சம் ரிலீஃப் வேணுமுங்க” என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள், “அதுக்கென்னுங்க டீச்சர். ஒரு லெட்டர் எழுதி ஆபீஸ்ல குடுத்துருங்க, பாத்துக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறிவிட்டார்.

அலுவலகத்துக்குக் கடிதம் ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும். நான் வேறு யாரிடம் போவேன்? பன்னிரண்டு வருடத்தில் என் விடுப்புக் கடிதங்களில் பாதி அவள் எழுதியவை.

ஜூலை முதல் வாரம். மூன்றாவது பாடவேளை இருவருக்கும் ஓய்வு. ஆசிரியர் அறையில் எங்களைத் தவிர யாருமில்லை. விஷயத்தைச் சொன்னேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வைத்துக்கொண்டாள். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு ஒரே மூச்சில் எழுதினாள். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினாள். குடும்பச் சூழ்நிலை காரணமாக, என்று தொடங்கியது. ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு ரிலீவ் மீ ஃப்ரம் மை டியூட்டீஸ்’ என்று வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, என்று முடிந்தது.

எனக்கு எல்லாமே புரிந்தது. ரிலீவ் தெரிந்த சொல். டூட்டி தெரிந்த சொல். அதுதான் வினையாயிற்று. ஒன்று மட்டும் இடித்தது.

“சாயங்கால ஸ்டடின்னு போட வேண்டாமா கண்ணு?” என்று கேட்டேன்.

அவள் தாளைப் பார்த்தபடியே சொன்னாள். “டூட்டின்னாலே அதுதானுங்க்கா. சுருக்கமா இருந்தாத்தான் கரஸ்பாண்டென்ட் படிப்பாரு. நீட்டி முழக்குனா ஓரமா வெச்சுருவாரு.”

“நாலு மாசம்னு?”

“அதை நேர்ல சொல்லிக்கலாமுங்க.”

கையெழுத்துப் போட்டேன். அவளே எடுத்துக்கொண்டு எழுந்தாள். “நான் அந்தப் பக்கந்தான் போறேன், குடுத்தற்றேன்” என்றாள். அடுத்த வாரமே டூட்டிப் பட்டியலில் என் பெயர் இல்லை. எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டு மரத்தில் கடைசியாகப் பழுத்திருந்த மாம்பழங்களை ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் வேனில் அவள் மடியில் வைத்தேன். “எதுக்குங்க்கா இதெல்லாம்” என்றாள். ஆனால் வாங்கிக்கொண்டாள். வார்த்தை விளையாட்டு நின்று போயிருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. எனக்கு இருந்த கவலையில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை. மத்தியானம் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் வந்து, “மிஸ், அலமாரிச் சாவி, அட்டெண்டன்ஸ் பாஸ்வேர்டு எல்லாம் ஒப்படைச்சுருங்க. உங்க ரிலீவிங் ஆர்டர் ரெடியா இருக்குது” என்றாள்.

“எதுக்கு?” என்று சிரித்தேன்.

அவளும் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். “இன்னையோட கடைசி நாளுங்களே உங்களுக்கு?”

அலுவலகத்துக்குப் போனேன். கோப்பில் என் கடிதம் இருந்தது. என் கையெழுத்துக்குக் கீழே தாளாளர் பச்சை மையில் ஏற்றுக்கொண்டதாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே தேதி. அந்தக் கடிதத்தை மறுபடி படித்தேன். ஒரு எழுத்தும் மாறவில்லை. முன்பு பார்த்த அதே வரிதான். இப்போது அது வேறு எதையோ சொன்னது.

கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாளாளர் அறைக்குள் போனேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். “வாங்க டீச்சர். உங்கள மாதிரி ஒருத்தர உடறதுக்கு எங்களுக்கும் மனசில்லீங்க. ஊட்டுக்காரர மொதல்ல பாருங்க” என்றார்.

“சார், நான் வேலைய உடறேன்னு சொல்லலீங்களே. சாயங்கால ஸ்டடி மட்டும் வேண்டாம்னுதான் கேட்டேன்.”

அவர் புருவம் சுருங்கியது. கோப்பை வாங்கிப் படித்தார். “இதுல அப்படி இல்லீங்களே.”

“என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே சார்.”

“கேக்கலாம்னுதான் இருந்தேன். இங்கிலீஷ் டீச்சர்தான் சொன்னாங்க. நீங்க ரொம்ப மனசு ஒடிஞ்சிருக்கறீங்க, கேட்டா அழுதுருவீங்க, மத்த டீச்சருங்களுக்கும் தெரிய வேண்டாம்னு நெனைக்கறீங்கன்னு. சரி, சங்கடப்படுத்த வேண்டாம்னு உட்டுட்டேன். போறவரைக்கும் டூட்டி வேண்டாம்னு லிஸ்ட்லயும் உங்க பேர எடுக்கச் சொன்னேன்.” கையிலிருந்த கோப்பை மூடிவிட்டு, “திங்கக்கிழமை அவங்க தங்கச்சி சேர்றாங்க. ஆர்டர் குடுத்தாச்சுங்க. நீங்களே முன்ன சிபாரிசு பண்ணீங்கள்ல?” என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒரு கோட்டில் வந்தது. கணக்கில் கடைசி வரி வந்ததும் மேலே உள்ள வரிகளெல்லாம் ஏன் அப்படி இருந்தன என்று தெரியுமே, அதுபோல. பேனா மூடியைத் திறந்து மூடியது. தாளைப் பார்த்தபடியே பேசியது. அவளே கொண்டுபோய்க் கொடுத்தது. இன்றைக்கு அவள் விடுப்பு எடுத்திருப்பது.

நான் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். தாளாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்றே இன்றும் நினைக்கிறேன். “டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. பன்னெண்டாவதுக்குப் பாடம் எடுக்கறவங்க, ஒரு லெட்டர் புரியாம கையெழுத்துப் போட்டேன்னு வெளிய சொன்னா நல்லா இருக்காதுங்க. உங்களுக்கும் சரி, ஸ்கூலுக்கும் சரி. வேணும்னா ஊட்டுக்காரர் தேறுனதும் சாயங்கால ஸ்டடிக்கு மட்டும் வாங்க, போட்டுத் தர்றேன்.”

எது வேண்டாம் என்று கேட்டேனோ அதை மட்டும் தருகிறேன் என்றார். நான் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆறாம் பாடவேளையில் எனக்கு வகுப்பு இருந்தது. போகவில்லை. பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

மறுநாள் காலை ராசிபுரத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அவள் முகம் வெளுத்தது. உள்ளே கூப்பிட்டாள். தங்கையும் குழந்தையும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் உட்காரவில்லை.

“ஏன் கண்ணு இப்படிப் பண்ணின?”

“என்னங்க்கா பண்ணினேன்? நீங்க கேட்டதத்தான எழுதுனேன்.”

“நான் ஸ்டடியத்தான சொன்னேன்.”

“ரிலீவ் பண்ணச் சொல்லி எழுதுன்னீங்க. எழுதிப்போட்டுப் படிச்சும் காட்டுனேன். நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க.”

“டூட்டின்னா அதுதான்னு யாரு சொன்னது?”

முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, வேனில் பாடம் சொல்லும் அதே குரலில், “ரெண்டு அர்த்தமும் இருக்குதுங்க்கா” என்றாள்.

அந்தக் குரல்தான் என்னால் தாங்க முடியாமல் போனது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அழ ஆரம்பித்ததும் அவளும் உடைந்தாள்.

“நீங்கதான தெனமும் வேலைய உட்டுப்போடறேன்னு சொல்லுவீங்க. உங்களுக்கு ஊட்டுக்காரர் எழுந்திரிச்சா தறி ஓடும். எந்தங்கச்சிக்கு யாரு இருக்கறா? புள்ளைய வெச்சுக்கிட்டு எங்கூட்டு மூலையில எத்தன நாளைக்கு உக்காந்திருப்பா? எங்கூட்டுக்காரரு ஒவ்வொரு தடவ வரும்போதும் அவ இன்னும் இருக்கறாளான்னு கேக்கறாரு. நான் என்ன பண்றதுங்க்கா?”

“எங்கிட்டக் கேட்டிருக்கலாமே.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கொடுத்திருக்க மாட்டேன். அவளுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் வாய்ப்பாவது எனக்கு வேண்டுமல்லவா? அதை அவளிடம் சொல்லத் தோன்றியது பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். கூரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். “ஏச்சுப்போட்டாளா” என்றார். பிறகு, “நீ படிச்சுப் பாக்கலையா?” என்று கேட்டார். அவர் குத்திக் காட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் இரண்டு நாள் அவரோடு என்னால் பேச முடியவில்லை.

அவள் செய்ததைவிட அதற்குப் பிறகு நான் செய்ததுதான் எனக்கு விசித்திரமாக இருக்கிறது. ஒறம்பரைச் சொந்தங்களும் பக்கத்து வீட்டாரும் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டபோது, “அவரைப் பாத்துக்கறதுக்கு நானே உட்டுப்போட்டேனுங்க” என்றேன். பழைய மாணவர்கள் போன் செய்து கேட்டார்கள். அவர்களிடமும் அதையேதான் சொன்னேன். ஆங்கிலக் கடிதம் புரியாமல் ஏமாந்தேன் என்று சொல்ல நா எழவில்லை. அவள் தாளாளரிடம் சொன்ன பொய்யை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான்தான். தாளாளர் சரியாகத்தான் கணித்திருந்தார்.

ஒருநாள் மகளிடம் அந்தச் சொல்லைப் போனில் தேடிப் பார்க்கச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். வலியைக் குறைப்பது. காவலில் நிற்பவரை மாற்றி விடுவது. பதவியிலிருந்து நீக்குவது. பிறகு, “அம்மா, இது தமாஷா இருக்குது. ஒருத்தர்கிட்ட இருந்து பர்ஸைத் திருடறதுக்கும் கேலியா இதச் சொல்லுவாங்களாமா” என்றாள். போனை வாங்கி நானே ஒருமுறை படித்தேன். எல்லாப் பொருளும் எனக்குப் பொருந்தியது. அவ்வளவையும் அவள் அறிந்தேதான் எழுதியிருப்பாள். நான் தேடியது, ஏதாவது ஒரு பொருள் தெரியாமல் அவள் தவறி எழுதியிருக்கக்கூடாதா என்றுதான்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவளுடைய தங்கை. முன்னால் குழந்தை, கையில் பழப் பை. இதற்கு முன் ஒருமுறைதான் அவளைப் பார்த்திருக்கிறேன். வந்தவள் என் காலைத் தொட்டாள். நான் பதறிப் பின்வாங்கினேன்.

“நீங்க எனக்காக எடத்த உட்டுக் குடுத்தீங்கன்னு அக்கா சொன்னாங்க. கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க. முன்னாலயே வந்திருக்கோணும், நேரமே கெடைக்கலீங்க.”

நான் அவளை உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். நாக்கின் நுனியில் எல்லாம் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். குழந்தை நின்றுபோன தறியில் தொங்கிய நூலைப் பிடித்து இழுத்து விளையாடியது. கணவர் உள்ளிருந்து, “யாரது, புள்ளக் கொரல் கேக்குது?” என்றார். குழந்தை ஓடிப்போய் அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அவள் வகுப்பைப் பற்றிப் பேசினாள். தொகை நுண்கணிதத்தில் பாதிப் பேருக்கு அடிப்படையே தெரியவில்லை, என்ன செய்வது என்று கேட்டாள். என் வகுப்பு அது. யாருக்கு எது வராது என்று எனக்கு மனப்பாடம். ஒரு மணி நேரம் சொன்னேன். யாரை முன்னால் உட்கார வைக்க வேண்டும், யாரிடம் சத்தம் போடக் கூடாது, எந்தக் கணக்கிலிருந்து ஆரம்பித்தால் பயம் போகும். அவள் கவனமாக எழுதிக்கொண்டாள். கெட்டிக்காரி. கேட்ட கேள்விகளே சொல்லின.

கிளம்பும்போது கேட்டாள். “அக்காவையும் வரச் சொன்னேனுங்க. வேலை இருக்குதுன்னுட்டாங்க. உங்க பேச்சு எடுத்தாலே எழுந்து போயிர்றாங்க. ஏதாச்சும் சண்டைங்களா?”

“அதை அவகிட்டயே கேளு சாமி” என்றேன்.

அதற்கு மேல் என்னால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. நான்கு நாள் கழித்து அந்தத் தங்கையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ‘கேட்டேன். மன்னிச்சுக்கங்க அக்கா.’ அவ்வளவுதான். வேலையை விட்டுவிடுவாள் என்று ஒரு நாள் முழுக்க எதிர்பார்த்தேன். விட வேண்டாம் என்று சொல்வதற்கு வார்த்தைகளைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். போன் வரவில்லை. அவள் விடவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறாள். விட்டிருக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தச் செய்திக்குப் பதில் அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

கணவர் ஐப்பசியில் எழுந்து நடந்தார். இப்போது நான் வெண்ணந்தூர்ப் பக்கத்திலேயே ஒரு சிறிய பள்ளியில் எட்டு முதல் பத்து வரை தமிழ் வழியில் கணக்கு எடுக்கிறேன். நடந்தே போய் வரலாம். விண்ணப்பம் கேட்டபோது தமிழில் எழுதி, இரண்டு முறை படித்து, மகளையும் படிக்கச் சொல்லிவிட்டுக் கொடுத்தேன். தலைமை ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஆனால் யாராவது ஆசிரியை சிரித்துப் பேசிப் பக்கத்தில் உட்கார்ந்தால், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நீட்டினால், எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து போய்த் தள்ளி உட்கார்ந்துகொள்கிறது. முன்பு நான் அப்படி இல்லை.

போன பொங்கல் நோம்பிக்குத் துணி எடுக்க ராசிபுரம் போயிருந்தேன், மகளோடு. கடையில் கூட்டம். பின்னாலிருந்து, “அக்கா” என்று ஒரு குரல். திரும்பாமலே தெரிந்தது. திரும்பினேன். இளைத்திருந்தாள். வகிட்டில் நரை வந்திருந்தது. கையில் குழந்தைக்கு எடுத்த சின்னப் பாவாடை. இரண்டு வருடமாக அவளிடம் கேட்பதற்கென்று எத்தனையோ வாக்கியங்களை நடக்கும்போதும் துவைக்கும்போதும் சேர்த்து வைத்திருந்தேன்.

“நல்லா இருக்கறீங்களா?” என்றேன்.

பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் நான் அவளை ‘நீங்க’ என்று கூப்பிட்டதில்லை. அது அவளுக்குப் புரிந்தது. பாவாடையை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள்.

“இருக்கறேனுங்க” என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வருவது போல நின்றாள். நான் கடைக்காரரிடம் திரும்பி, நீலத்தில் வேறு இருந்தால் காட்டச் சொன்னேன். மறுபடி பார்த்தபோது அங்கே வேறு யாரோ நின்றிருந்தார்கள்.

“யாரும்மா அது? நம்ம ஊட்டுக்கு வருவாங்களே, அவங்களாட்ட இருந்துச்சு” என்றாள் மகள்.

“கூட வேலை பாத்தவங்க” என்றேன்.